கராஜ் கதவுக்கு எண்ணெய்க் குளியல்

லத்தீஃபாவுக்கு வேலை கிடைத்த செய்தி, வெஸ்ட் வின்ட்சரில் அவளுக்குத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் ஒரே சாயங்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. வேறு யார் சொல்வார்கள், அவளேதான் ஃபோன் போட்டுப் போட்டுச் சொன்னாள். சொல்லாமல் எப்படி இருப்பாள்? திருச்சியில் பெண்கள் கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தியவள். பசீர் அகமதைக் கட்டிக்கொண்டு டிபென்டென்ட் விசாவில் நியூ ஜெர்சி வந்த நாள் முதல், சம்பளத்துக்கு ஒரு துரும்பை நகர்த்தவும் அவளுக்கு அனுமதி இல்லை. மகள் ஆஃபீஃபா பிறந்து பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் அப்படியே இருந்தாள். பிறகுதான் க்ரீன் கார்டு வந்தது. அந்தக் கையோடு வீடு வந்தது. டிரைவிங் டெஸ்டில் இரண்டு தடவை ஃபெயிலாகி லைசன்ஸும் வந்தது. கடைசியில் இந்த வேலை. ரூட் ஒன் நெடுஞ்சாலைப் பக்கம், குடிதண்ணீர் சோதிக்கிற ஒரு லேப். டிசம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்று, காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

பசீருக்கும் சந்தோஷம்தான். ஆனால் மனிதர் சந்தோஷப்படும்போதே பயப்படவும் ஆரம்பித்துவிடுவார். வீடு வாங்கியதிலிருந்து அவருடைய பயமெல்லாம், பட்டனை அழுத்தினால் மோட்டார் மேலே தூக்குகிற கராஜ் கதவின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. குளிருக்கு முன்னால் அந்தக் கதவைக் கவனிக்காவிட்டால் அடி ரப்பர் தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங் தெறிக்கும் என்று ஆபீஸில் யாரோ சொல்லிவிட்டார்கள். அக்டோபரில், வெயில் சுள்ளென்று அடித்த ஒரு சனிக்கிழமை, இருவரும் வேலையில் இறங்கினார்கள். பசீர் தரையில் குப்புறப் படுத்து, நைந்துபோன பழைய ரப்பரைப் பிய்த்துவிட்டுப் புதிதாக வைத்து ஆணி அடித்தார்.

"லத்தீஃபா, அந்த ரோலருங்க கிறீச் கிறீச்சுன்னு கத்துது பாரு. ஹார்ட்வேர் கடையில சிலிக்கான் ஸ்ப்ரேன்னு கேட்டு வாங்கி அடிச்சிடும்மா."

"சரிங்க."

கிறீச்சிடும் கதவுக்கு ஏன் கடைக்குப் போகவேண்டும் என்று லத்தீஃபாவுக்கு விளங்கவில்லை. அவள் அத்தா வீட்டில் கதவுக் கீலானாலும் சைக்கிள் செயினானாலும் ஒரே மருந்துதான். அடுப்பங்கரைக்குப் போனாள். குளியலறையில் இருந்தால் கட்டிதட்டிவிடும் என்று அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்த தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்தாள். ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொரு ரோலருக்கும் வைத்தாள். அவை ஓடுகிற இரும்புத் தண்டவாளத்திலும் வழிய வழிய ஊற்றினாள்.

"போட்டியா?"

"போட்டாச்சுங்க."

எதைப் போட்டாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கதவோ பூனை நடப்பதுபோல ஏறி இறங்கியது. வருகிறவர்களுக்கெல்லாம் பசீர் அதை இயக்கிக் காட்டிப் பெருமைப்பட்டார்.

லத்தீஃபா வேலைக்குச் சேரவேண்டிய அந்தத் திங்கட்கிழமைதான் முதல் கடுங்குளிர் இறங்கியது. பசீர் விடியலிலேயே வெளியில் நின்ற தம் காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடிக்கப் போய்விட்டார். லத்தீஃபாவின் கார் கராஜுக்குள் பத்திரமாக இருந்தது. ஸ்கூல் பஸ் ஏறும்போது ஆஃபீஃபா திரும்பி, "டோன்ட் பி லேட், ம்மா!" என்று கத்திவிட்டுப் போனாள்.

லேட்டா? லத்தீஃபா எட்டு மணிக்கே புதுக் கோட்டு மாட்டி, முக்காட்டைச் சரிசெய்து, பிஸ்மில்லாஹ் சொல்லிப் பட்டனை அழுத்தினாள். கதவு உறுமியது. ஒரு சாண் ஏறியது. நின்றது. பிறகு வந்த வழியே கீழே இறங்கிவிட்டது.

மறுபடி அழுத்தினாள். அதே ஒரு சாண், அதே இறக்கம். உள்ளே ஃபோன் அடித்தது.

"கெளம்பிட்டியா?" பசீர் ஆபீஸிலிருந்து. "ரோடெல்லாம் ஐஸா இருக்காம். கராஜ் கதவு தொறக்குதுல்ல?"

திறக்கவில்லை என்று சொன்னால் அடுத்து என்ன வரும் என்று அவளுக்கு மனப்பாடம். இன்னைக்கு வேணாம்மா, நாளைக்கு வர்றேன்னு சொல்லிடு. முதல் நாளே அப்படிச் சொன்னால் அந்த நாற்காலியில் நாளை வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

"கதவுக்கு என்னங்க, ஜோரா இருக்கு. வச்சிடறேன், லேட்டாவுது!"

டாக்ஸிக்குச் சொன்னால் ஸ்டேஷனிலிருந்து வர முக்கால் மணி நேரம் ஆகுமாம். மறுபடி கராஜுக்கு ஓடி, கோட்டோடு குனிந்து கதவை உலுக்கினாள். அந்தச் சத்தம் கேட்டு, எதிர் வீட்டு வாசலில் ஐஸ் வழுக்காமலிருக்க உப்புத் தூவிக்கொண்டிருந்த சாந்தாமணி ஆண்ட்டி வந்து, கராஜின் பக்கவாட்டுக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். கோயம்புத்தூர்க்காரர், கார் ஓட்டத் தெரியாது, மற்ற எல்லாம் தெரியும்.

"ஏங்கண்ணு, வேலைக்குப் போற அன்னைக்குக் கதவோட மல்லுக்கட்டிட்டு இருக்கறே? ரப்பரு ஒட்டிக்கிச்சாக்கும். இரு, சுடுதண்ணி கொண்டாந்து ஊத்தறேன்."

"ஐயோ, வேணாம் ஆண்ட்டி! அதுவும் ஐஸாயிடும். ரப்பர் ஒட்டலை, ஒரு சாண் ஏறுதே. மேலதான் எங்கயோ புடிக்குது."

ஸ்டூலில் ஏறினாள். தண்டவாளம் நெடுக வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. பனியோ என்று விரலால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள். மகளின் பின்னல் வாசனை.

"யா அல்லாஹ்!" ஸ்டூலின் மேலேயே சிரித்துவிட்டாள். "ஆண்ட்டி, தேங்காண்ணெய்! நாந்தான் ஊத்தினேன். இத்தனை நாளா வெண்ணெயா இருந்துச்சு, நேத்து ராத்திரிக் குளிர்ல கல்லாயிடுச்சு!"

"அட, கதவுக்கு எண்ணெ தேச்சு உட்டிருக்கறே! சீயக்காய மறந்துட்டியாக்கும்?"

"எது எப்ப உறையும்னு கிளாஸ் எடுத்தவ ஆண்ட்டி நான். வெளிய சொல்லிடாதீங்க."

"சொல்லாம? இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ஊருக்கே சொல்றேன். மொதல்ல எறங்கி வழியப் பாரு."

வழி எதிரிலேயே இருந்தது. காலையில் எண்ணெய் உறைந்துபோனால் எந்த வீட்டில்தான் தவிக்கிறார்கள்? சூடு காட்டினால் உருகப்போகிறது. மாடிக்குப் பாய்ந்து தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரை எடுத்து வந்தாள். நீளமான ஒயர் போட்டு, ஒவ்வொரு ரோலராக ஊதினாள். வெள்ளை மெல்லக் கண்ணாடியாகி, சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஆண்ட்டி பின்னாலேயே பழைய துணியால் வழித்தெடுத்தார். கராஜ் முழுக்க ஞாயிற்றுக்கிழமைத் தலைகுளியல் மணம்.

மோட்டாரிலிருந்து கதவைக் கழற்றிவிடும் சிவப்புக் கயிற்றை லத்தீஃபா இழுத்தாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

"தூக்கு கண்ணு!"

கதவு முனகியது. இடுப்பு வரை வந்து முரண்டு பிடித்தது. இன்னும் ஒரு உந்து உந்தியதும் சடசடவென்று தலைக்கு மேலே போய்விட்டது. வெயிலும் குளிரும் சேர்ந்து முகத்தில் அடித்தன. லத்தீஃபா சின்னப் பிள்ளைபோலக் கை தட்டினாள்.

"ஆண்ட்டி, இப்ப இத மூடணுமே! மறுபடி சிக்கிக்கிட்டா? அவரு கேட்டா..."

"மூடலீன்னா ஆரு தூக்கிட்டுப் போறாங்க, உன்ற எண்ணெப் பாட்டிலயா? நா நிதானமா எறக்கி உடறேன். நீ போ. மெதுவாப் போ!"

லத்தீஃபா காரை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தாள். பக்கத்தில் பசீர் இல்லை. பிரேக், பிரேக் என்று சொல்ல ஆளில்லை. ரூட் ஒன் சிக்னலில் நின்றபோதுதான் கவனித்தாள், ஸ்டியரிங்கெல்லாம் எண்ணெய்க் கை. லேபில் முதல் ஆளாகக் கைகுலுக்கப் போகிறவருக்கும் கொஞ்சம் ஒட்டும். ஒட்டட்டும். கடிகாரத்தைப் பார்த்தாள், இன்னும் நேரம் இருந்தது.

இந்நேரம் பசீர் மறுபடி வீட்டுக்கு ஃபோன் போட்டிருப்பார். இத்தனை வருஷத்தில் அவர் எப்போது போட்டாலும் இரண்டாவது மணிக்குள் எடுத்தவள் அவள். இன்று அடித்துக்கொண்டே இருக்கும்.

பச்சை விழுந்தது. லத்தீஃபா சிரித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.