யாருக்குத் தெனாவட்டு?

போன வாரம் சேத்தூருக்குப் பெண் பார்க்கப் போயிருந்தேன். எனக்கல்ல... ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் நண்பரின் மகனுக்கு.

பெண்ணின் அப்பா ராஜபாளையத்தில் மில் தொழிலாளி. பர்மிஷன் போட்டுவிட்டு அவசரமாக சைக்கிளில் வந்தவர், கொல்லை வழியாக வீட்டுக்குள் நுழைந்தார். நானும் நண்பரும் உட்கார்ந்திருந்த அறைக்கு வந்து கைகூப்பினார். ஆனால், மடித்துக் கட்டிய வேட்டியை மட்டும் இறக்கி விடவில்லை!

நம் பக்கத்தில் இது எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

நண்பரின் முகம் மாறிவிட்டது. "என்னா தெனாவட்டு பாத்தீரா?" என்றார் என்னிடம் — வீடு முழுக்கக் கேட்கும்படி.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மில் முதலாளி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தால் அது கம்பீரம். அவரிடம் வேலை பார்ப்பவர் போட்டால்? தெனாவட்டு. குனிவார் என்று நாம் நினைத்த ஆள் குனியாதபோதுதான் இந்தச் சொல் நம் வாயில் வருகிறது.

நண்பர் எழுந்துவிட்டார். "ஊருக்குப் போயி லெட்டர் போடுதோம்." அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும். அந்த மனிதர் மடித்த வேட்டியைப் பிடித்தபடி குறுகி நின்றார்.

காபித் தட்டோடு நின்ற பெண்தான் பேசினாள். "அப்பா, வேட்டிய எறக்கி விடுங்க. இனி என்னத்த மறைக்க?"

இறக்கினார். முழங்காலிலிருந்து கரை வரை கிழிசல். செயின் கிரீஸ் கறுப்பாக அப்பியிருந்தது.

"வார வழியில சைக்கிள் செயின்ல மாட்டிருச்சு. மாத்து வேட்டி நீங்க இருக்க இந்த ரூம்பு பீரோல இருக்கு. நல்ல காரியத்துக்கு வந்திருக்கிய... கிழிஞ்ச துணியோட நின்னா சகுனம் சரியில்லம்பியளோன்னு..." என்று கிழிசலைக் கையால் மூடினார்.

நண்பர் சட்டென்று மறுபடி உட்கார்ந்தார். "இத மொதல்லயே சொல்லப்படாதா? உக்காருங்க, பேசி முடிப்போம்."

"வேண்டாம் மாமா" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபமே இல்லை. "எங்கப்பா இப்பிடிக் கூனிக் குறுகி நின்னத நான் பாத்துட்டேன். இனி உங்க வீட்டுக்கு வர எனக்கு மனசில்ல. காப்பி ஆறுது... குடிச்சுட்டுப் போங்க."

குடித்தோம். வேறு என்ன செய்வது?

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கியது. நண்பர் மெதுவாகச் சொன்னார்: "அப்பனுக்கு இல்ல, வே... பொண்ணுக்குத்தான் தெனாவட்டு."

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கும் அதில் கொஞ்சம் இருக்கட்டும், சாமி!