பேதிக்குக் கைதட்டியவர்கள்

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் எனக்கொரு தற்காலிக வேலை கிடைத்தது. விளையாட்டின் மூலம் சுகாதாரம் கற்பிக்க முடியுமா என்று ஆராயும் வேலை. அதற்குத் தமிழ் எம்.ஏ. படித்தவனை எடுத்தபோதே ஆராய்ச்சியின் போக்கை நான் ஊகித்திருக்க வேண்டும்.

மேலதிகாரி ஒரு டாக்டர். "மூணு வாரம். ஒரு குப்பத்துப் பொம்பளைங்க சுகாதார விஷயத்தை ஒப்பிக்கணும். இல்லேன்னா நீர் வேற வேலை பாரும்" என்று அன்பாகத்தான் சொன்னார்.

நான் பரமபதத்தைத் திருத்தினேன். வைகுண்டம் இருந்த கட்டத்தில் 'ஆரோக்கியம்'. ஏணிகளில் சோப்பு, காய்ச்சிய தண்ணீர். ஒவ்வொரு பாம்பிலும் ஒரு கெட்ட பழக்கம்; கடித்தால் பேதி. கடைப் பலகை எழுதுகிறவர் ரெக்சினில் வரைந்து கொடுத்தார். பாம்புகள் எல்லாம் சாப்பிட்டு முடித்த திருப்தியில் இருந்தன.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். காலை மீன் விற்ற பெண்கள் ஏலக் கொட்டகை நிழலில் வந்து உட்கார்ந்து சோழி உருட்டினார்கள். நான்காம் நாள்தான் கவனித்தேன். முதல் நாளுக்குப் பிறகு ஒருவரும் ஜெயிக்கவில்லை.

"நாலு போட்டா பாம்புடீ! போடு நாலு!"

நாலு விழுந்தது. எனக்குத்தான் அது அதிர்ஷ்ட விளையாட்டு. அவர்கள் விரல் சொன்னபடி சோழி கேட்டது.

"அத்தே, எனக்குப் பேதி!" என்று உருட்டியவள் மகிழ்ச்சியாக அறிவித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மீன் ஏலம் கூவும் அக்காவிடம் கேட்டேன். "ஏம்மா ஒருத்தரும் மேலே போகமாட்டேங்கிறீங்க?"

"மேல பூட்டா எழுப்பி அனுப்பிடுறியே சார். வூட்ல இன்னா கீது? துணி கீது, மாமியா கீது. இங்க நெழலு கீது."

ஜெயித்தவர் உடனே வீட்டுக்குப் போய்த் தண்ணீர் காய்ச்ச வேண்டும் என்ற விதியை எழுதியவன் நான்தான். மனிதர்கள் எல்லோரும் வைகுண்டம் போகத் துடிக்கிறார்கள் என்று படித்ததை அப்படியே நம்பியிருந்தேன்.

பரீட்சை நாளில் டாக்டர் ஜீப்பில் வந்தார். "ஏணியிலே என்னம்மா இருக்கு?"

"சோப்பா?" என்று ஒருத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள். டாக்டர் பேனாவை மூடினார். என் வேலையும் அதோடு மூடிக்கொண்டிருந்தது.

"சார், பாம்பைக் கேட்டுப் பாருங்க" என்றேன்.

"பதினேழாம் கட்டத்துல என்ன பாம்பு?" என்றார் டாக்டர்.

"மூடாத பானத் தண்ணி!"

"இருபத்தாறு?"

"ஈ மொய்ச்ச பண்டம்!"

"முப்பத்தொண்ணு?"

"வெளிக்குப் போயிட்டுக் கை கழுவாம சோறு துன்றது! அதுல வுழுந்தா அடிமட்டம் வரிக்கும் வுடும் சார். ரொம்ப சவுரியமான பாம்பு."

டாக்டர் பேனாவைத் திறந்தார். "பயம்! பயம்தான்யா கத்துக்குடுக்குது" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். ஏலக்கார அக்கா திருத்த வாயெடுத்தாள். நான் அவளைப் பார்த்த பார்வையில், மூடிக்கொண்டாள்.

வேலை ஆறு மாதம் நீண்டது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது: தாய்மார்களுக்கு இவ்வளவு பயம் ஆகாது, பாம்புகளைப் பாதியாக்கி ஏணிகளை இரட்டிப்பாக்கவும்.

புது ரெக்சினை விரித்தேன். அக்கா விரல் வைத்து எண்ணினாள்.

"இன்னா சார், பாதி பாம்பக் காணோம்?"

"மேலிடத்து உத்தரவும்மா."

"ரெண்டு உருட்டுல வூட்டுக்குத் தொரத்திடுவ போல கீதே!" கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள். ஆறு மாத வேலையோடு நான் மட்டும் நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கறுப்பு பெயின்ட் வாங்கி, காணாமல் போன பாம்புகளை நானே வரைந்தேன். எனக்கு வரைய வராது. அக்கா வந்து குனிந்து பார்த்தாள்.

"இது பாம்பு இல்ல சார், வெலாங்கு மீனு."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.