குவைத்திலிருந்து அடுப்படி வரை

ராஜகிரியில் ஷம்சாத்தின் பேச்சு இரண்டு தெரு தாண்டிக் கேட்கும். பாபநாசம் போகிற பஸ்ஸில் அவள் ஏறினால், கண்டக்டர் உட்பட எல்லாருக்கும் அன்றைக்குப் பொழுது போய்விடும். அவளுக்கு வாய்த்த ஜெக்கரியாவோ, கேட்டால் மட்டும் பதில் சொல்கிற மனிதர். கல்யாணமான சில மாதங்களிலேயே குவைத்தில் ஒரு டயர் கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை கிடைத்துப் போய்விட்டார். அது தொண்ணூற்றேழாம் வருஷம்.

அப்போதெல்லாம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குத்தான் அவருடைய ஃபோன் வரும். ஷம்சாத் மூச்சிரைக்க ஓடிப்போய் எடுப்பாள். கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேங்க. நீங்க?"

"ம்."

அத்தோடு சரி. விடுப்பில் வந்தாலும் விருந்து, சொந்தக்காரர் வீடு என்று நாள் ஓடிவிடும். மகள் ஷிஃபா பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். தன் புருஷன் எப்படிப்பட்ட ஆள் என்று யாராவது கேட்டால் ஷம்சாத்துக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

பாபநாசம் கடைவீதியில் பிரவுசிங் சென்டர் வந்தபோது அவளை இழுத்துக்கொண்டு போனவள் அகிலாண்டம். ஊருக்கு வெளியே வயலும் களமுமாக இருந்த துரைராசுவின் மனைவி. ஷம்சாத்தைவிட நாலைந்து வயது மூத்தவள். அவளுடைய தம்பி சிங்கப்பூரில் இருந்தான்.

"கம்ப்யூட்டர்ல மூஞ்சி தெரியுதாம்டி. வா, நாமளும் போய்ப் பாப்போம்."

ஜெக்கரியாவின் முகம் கட்டம் கட்டமாக வந்தது. முதலில் நெற்றி வந்தது. அப்படியே நின்றது. ஷம்சாத் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தடுப்பிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன புள்ள சிரிக்கிறே?"

"நெத்தி வந்துட்டுதுங்க. மீசைதான் இன்னும் குவைத்துலேயே நிக்குது."

அந்தப் பக்கமும் ஒரு சிரிப்பு வெடித்தது. அவர் அப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. அன்றைக்கு ஜெக்கரியா தானாகப் பேசினார். ஒரே அறையில் உடன் தங்கியிருந்த சீர்காழி அஸாரின் குறட்டையைப் பற்றிச் சொன்னார். அதை நடித்தும் காட்டினார். முகத்துக்கு நேரே ஆள் இல்லாமல் கம்ப்யூட்டர் கண்ணாடிக்குள் இருந்ததுதான் அவருடைய கூச்சத்தைப் போக்கியதோ என்னவோ. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஷம்சாத், "எங்க வீட்டுக்காரரு இவ்ளோ பேசுவாருன்னு எனக்கே தெரியாதுக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பிறகு வீட்டுக்கே ஸ்மார்ட்ஃபோன் வந்தது. சாயங்காலம் அவள் அடுப்படிக்குப் போனால், ஃபோனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைப்பாள். ஜெக்கரியா அங்கிருந்தபடியே எல்லாவற்றையும் பார்ப்பார்.

"பால் பொங்குது பாரு."

"எனக்குக் கண்ணு இல்லையா?"

"நீ பேசுற வேகத்துல எங்க பாக்கப் போறே?"

ஷிஃபாவின் கல்லூரிச் சேர்க்கை, கல்யாணப் பேச்சு, கொல்லையில் எந்த இடத்தில் எலுமிச்சை வைப்பது, எல்லாமே அந்த அடுப்படியில்தான் முடிவானது. கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து ஷம்சாத் தன் புருஷன் மேல் ஆசை வைத்தாள். ஷிஃபா சென்னைக்கு வாழப் போன பிறகும் வீடு வெறிச்சென்று ஆகவில்லை.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் ஜெக்கரியா ஒரேயடியாக ஊர் திரும்பினார். ஷம்சாத் வீட்டுக்கு வெள்ளையடித்தாள், புதுக் கட்டில் வாங்கினாள், இனிமேல் நாளெல்லாம் பேச்சுதான் என்று காத்திருந்தாள்.

அவரோ சாப்பிட்டார். "நல்லா இருக்கு" என்றார். ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

ஒரு வாரம் போனது, ஒரு மாதமும் போனது. மாடியிலிருந்து அஸாரோடும் குவைத் அறையில் கூட இருந்த மற்ற நண்பர்களோடும் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்கும். அதே பழைய சிரிப்பு. கீழே வந்தால் "ம்". ஷம்சாத் ஏதாவது கேட்டால் தரையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார். இரண்டு பேருக்கும் நடுவில் கடல் இருந்தபோது இல்லாத தூரம் ஒரு மாடிப்படியில் வந்துவிட்டது. ஷம்சாத்தின் குரல் தெருவில் கேட்பது குறைந்தது.

குறுவை அறுப்பு முடிந்த நேரம். அகிலாண்டம் களத்தில் நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். ஷம்சாத் வரப்போரம் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட பேசிக்கிட்டிருந்தவரு குவைத்துலேயே தங்கிட்டாருக்கா. இங்க வந்திருக்கிறது வேற யாரோ."

"மாடியில என்ன செய்றாரு?"

"ஃபோன்தான்."

அகிலாண்டம் காலை நிறுத்தினாள். "அப்ப நீயும் ஃபோன்ல கூப்பிடேன்."

"இங்கேருந்தா? கூப்பிடு தூரத்துல வீடு. யாராவது கேட்டா சிரிப்பாங்க."

"யாரு இருக்கா இங்க? நான்தானே. நான் சிரிக்கத்தான் போறேன். நீ கூப்பிடு."

ஷம்சாத் வீடியோ கால் போட்டாள். ஒரே மணியில் அவர் எடுத்தார். அந்தச் சின்னத் திரையில் அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை அகிலாண்டமும் பார்த்தாள்.

"எங்க புள்ள இருக்கே? பின்னாடி நெல்லு தெரியுது."

"அகிலாண்டம் அக்கா களத்துல. நீங்க ஏன் என்கிட்ட பேச மாட்டேங்கிறீங்க?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று ஷம்சாத் ஃபோனைக் குலுக்கினாள்.

"எங்க பேசுறது?" என்றார் ஜெக்கரியா. "ஃபோன்ல இருந்த வரைக்கும் என்னை அடுப்படியில வச்சிருந்தே. இப்ப ஊருக்கு வந்தப்புறம் கூடத்துல சோஃபாவுல உட்கார வச்சு, விருந்தாளி மாதிரி டீ குடுத்துட்டுப் போயிடுறே. அன்னிக்கு அடுப்படிக்கு வந்தேன். 'இங்க உங்களுக்கு என்னங்க வேலை, வேர்க்கும், போய் ஃபேனுக்கு அடியில உட்காருங்க'ன்னு சொன்னே. நானும் போய் உட்கார்ந்துட்டேன்."

ஷம்சாத்துக்கு நினைவு வந்தது. பாசத்தில் சொன்னதுதான். இவ்வளவு வருஷம் பாலைவனத்து வெயிலில் கிடந்த மனுஷன் என்று நினைத்துச் சொன்னாள்.

"இதை நேர்ல சொல்றதுக்கென்ன?"

"நேர்ல நீ ரொம்பப் பக்கத்துல இருக்கியே" என்றார் அவர்.

அகிலாண்டம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஷம்சாத் மாடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து அடுப்படியில் போட்டாள். ஜெக்கரியா உட்கார்ந்தார். முதல் நாள் அதிகம் பேச்சில்லை. வெங்காயம் உரித்தார். உரித்த வேகத்தைப் பார்த்து ஷம்சாத் அசந்துபோனாள்.

"இது எங்க கத்துக்கிட்டீங்க?"

"குவைத்து ரூம்ல எட்டு பேருக்கு வெள்ளிக்கிழமை பிரியாணி யாரு போட்டான்னு நினைக்கிறே?"

அந்தக் கதையைத் தொடங்கியவர், சோறு வெந்த பிறகும் நிறுத்தவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவரே அடுப்பைப் பற்ற வைத்தார். அடி கொஞ்சம் பிடித்துவிட்டது. அகிலாண்டம் வீட்டுக்கு, அடிபிடிக்காத மேல்சோற்றை எடுத்துக் கொடுத்தார்கள்.

மாடியில் ஃபோன் பேசுவது நிற்கவில்லை. ஆனால் அஸார் கூப்பிட்டால் இப்போது ஷம்சாத்தும் இடையில் புகுந்து அவருடைய குறட்டையை விசாரிப்பாள். மீன் வாங்க ஜெக்கரியாவே பாபநாசம் மார்க்கெட்டுக்குப் போகிறார். அங்கே நின்றுகொண்டு வீட்டுக்கு வீடியோ கால் போடுவார். போன வாரமும் அப்படித்தான்.

"இது கெண்டையா, விராலா? பாத்துச் சொல்லு."

அவள் சொல்வதற்குள் மீன்காரி ரெங்கம்மாள் ஃபோனைப் பிடுங்கி, "உங்க வீட்டுக்காரரு செவுளைத் தூக்கிக்கூடப் பாக்க மாட்டேங்கிறாரும்மா, பேசிக்கிட்டே நிக்கிறாரு, பின்னாடி ஆளுங்க காத்திருக்காங்க, சீக்கிரம் அனுப்பி விடுறேன்" என்றாள்.

"அனுப்புங்க, அனுப்புங்க. கதை பாதியில நிக்குது" என்றாள் ஷம்சாத். அது தெருமுனை வரைக்கும் கேட்டது.