ஆகாயின் முதல் வசனம்

தொண்ணூறுகளின் நடுவில், லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்துக்குக் குழாய்த் தண்ணீர் வாரத்தில் இரண்டே நாள்தான். அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி, சரியாக ஆராதனை தொடங்கும் நேரம். “நீரு பந்த்து!” என்று, தண்ணீர் வந்துவிட்டதைப் பக்கத்து வீட்டம்மா கன்னடத்தில் கத்துவார். அப்பாவுக்குப் பீன்யா ஃபேக்டரியில் ஞாயிறும் ஷிஃப்ட். அதனால் அம்மா குடங்களோடு வரிசைக்குப் போவார், நானும் தங்கையும் சர்ச்சுக்குப் போவோம்.

அந்த வருடம் மழை பொய்த்தது. எங்கள் சபைக் குருவை ஐயர் என்றுதான் அழைப்போம். அவர் பைபிளில் ஆகாய் தீர்க்கதரிசியின் புத்தகத்தைப் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்து யூத ஜனங்கள் நிறைய விதைத்தார்கள், கொஞ்சம்தான் வீடு வந்தது, வானம் பனியைக்கூடத் தரவில்லை. ஏன்? கர்த்தருடைய வீட்டை மறந்து அவனவன் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டான். அதுவரை சரி. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “இப்பக்கூட நம்ம சபைச் சகோதரி ஒருத்தங்க ஆண்டவரை விட்டுட்டு குழாயடியில நிக்கிறாங்க. அப்புறம் மழை எப்படி வரும்?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதை அவருக்குச் சொன்னதே நான்தான். ஆராதனைக்கு முன்னால் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் “அம்மா எங்கே?” என்று கேட்டார், பொய் சொல்லக் கூடாது என்று அவரே கற்றுக்கொடுத்திருந்ததால் உண்மையைச் சொன்னேன். அவர் வீட்டில் போர்வெல் உண்டு, மோட்டார் உண்டு, ரோஜாச் செடிக்குத் தனியாக ஒரு பைப் உண்டு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! ஒரே ஒரு நாள் இடுப்பில் குடத்தோடு அந்த வரிசையில் நின்றிருந்தால் அப்படிப் பேச நாக்கு வந்திருக்குமா?

மாதம் ஒருமுறை அப்பம் கொடுக்கும் திருவிருந்து ஞாயிறு வந்தது; அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. அம்மா சர்ச்சுக்கு வந்திருந்தார். அப்பம் வாங்க எங்கள் வரிசை எழுந்தபோது அவர் மட்டும் எழவில்லை. திடப்படுத்தல் பெற்று அப்பம் வாங்கத் தொடங்கிய நாள் முதல், குடங்களை வைத்துவிட்டு ஓடிவந்தாவது, ஒருமுறைகூட அதைத் தவறவிடாதவர். பிரசங்கம் அவர் காதுக்கும் போயிருந்தது. “என்னாலதான் மழை வரலன்னா, எந்த முகத்த வச்சிக்கிட்டு அங்க போறது?” என்றார் வீட்டில். ஐயரிடம் சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். “கேட்டா உண்மையத்தான்டி சொல்லணும்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த மாதப் பெண்கள் ஐக்கியக் கூட்டம் எங்கள் வீட்டில். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிப்பது வழக்கம். முதல் வசனம் வீட்டுக்காரிக்கு. ஐயர் ஆகாயையே எடுத்து, “அஞ்சாம் வசனத்துலேர்ந்து படிங்கம்மா” என்றார். பிரசங்கத்தையும் அங்கிருந்துதான் தொடங்கியிருந்தார். “முதல் வசனம் எனக்குங்கய்யா” என்று சொல்லிவிட்டு, அம்மா ஒன்றாம் வசனத்தையே வாசித்தார். வாயில் நுழையாத பெயர்களில் தடுக்கித் தடுக்கி, முடிவில் நின்றுவிட்டார். அந்த எச்சரிப்பு யாருக்கு வந்தது என்று அங்கே இருக்கிறது: யூதாவின் தலைவனுக்கும் பிரதான ஆசாரியனுக்கும்.

“ஐயா, இது முதல்ல பெரியவங்களுக்குத்தானே சொல்லியிருக்கு?”

அம்மா சண்டைக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். ஐயர் புத்தகத்தைப் பார்த்தபடியே “அடுத்த வசனம்” என்றார்.

ஜனங்களுக்கும் அதில் பங்கு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் பெயர் சொல்லி முதலில் நிறுத்தப்பட்டவர்கள் ஆள்கிறவனும் பீடத்தில் நிற்கிறவனும். அவர்களைத் தாண்டிக் குதித்து, குடம் தூக்குகிறவள் தலையில் பஞ்சத்தைச் சுமத்துவது என்ன பிரசங்கம்? இன்று நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

அடுத்த திருவிருந்து ஞாயிறு, வழக்கம்போல் ஒன்பதுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. அம்மா ஆறு குடமும் பிடித்து வைத்துவிட்டு, சபையார் அப்பத்துக்கு எழுந்துகொண்டிருந்த நேரத்தில், நனைந்த புடவையோடு உள்ளே வந்தார். உட்காரவில்லை. நேராக நடந்துபோய் பீடத்தின் முன் முழங்கால் போட்டுக் கையை நீட்டினார்.

ஐயர் தயங்கினார். அவர் அப்பத்தை வைக்கும்வரை அம்மா கையை மடக்கவில்லை.