சிட்டுக்கு வச்ச சேனை

முத்துமாலைக்குப் பேத்தி பொறந்த சேதி, விக்கிரமசிங்கபுரத்துல மில்லு சங்கு ஊதுததுக்கு முன்னாலயே தெரு முழுக்கத் தெரிஞ்சு போச்சு. அவரே சைக்கிள எடுத்துக்கிட்டு வாசல் வாசலாப் போயி மணியடிச்சுச் சொன்னா தெரியாம இருக்குமா?

"பொம்பளப் பிள்ளை வே! மூக்கு அப்படியே எங்க அம்மா மூக்கு!"

பொறந்த பிள்ளைக்கு மூக்கு எங்கன இருக்கு? மொகமே கொழுக்கட்டை கணக்கா இருந்துச்சு. ஆனா அந்த நேரத்துல ஒரு தாத்தாகிட்ட அதச் சொல்லமுடியுமா.

எங்க பக்கம் பொறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பாக. கருப்பட்டித் தண்ணியில விரலத் தொட்டு நாக்குல வைக்கது. வைக்கவுக குணந்தான் பிள்ளைக்கு வரும்பாக. அதனால யாரு வைக்கன்னு பேச்சு வந்துச்சு. மக வேணி படுத்துக் கிடந்தபடியே சொல்லிட்டா:

"எங்க அப்பாதான் வைக்கணும். அவங்களுக்குப் பொய் சொல்ல வராது."

அதக் கேட்டு மனுசனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. விரலக் கருப்பட்டித் தண்ணியில தொட்டுச் சேனை வச்சாரு.

வேணி தலைப்பிரசவத்துக்கு மெட்ராஸ்லேர்ந்து வந்தப்பவே ஒரு கம்பிக் கூட்டத் தூக்கிட்டு வந்திருந்தா. உள்ள ஒரு வெள்ளெலி. பேருதான் வெள்ளெலி, உடம்பு சந்தன நெறம். வாலு இருக்கா இல்லையான்னு தேடணும். மாப்பிள்ளை வேலை விசயமா ஊர் ஊராப் போயிருவாரு. தெரிஞ்ச மொகம் ஒண்ணில்லாத ஊருல அவளுக்கு அதுதான் பேச்சுத் தொணை. சிட்டுன்னு பேரு வச்சிருந்தா.

பேறுகாலம் ஆனவ அறைய விட்டு வெளிய வரப்படாது, எலியும் அறைக்குள்ள போகப்படாதுன்னு முத்துமாலை பெஞ்சாதி இசக்கித்தாய் கண்டிசனாச் சொல்லிட்டா. அதனால கூடு பின்கட்டுக்குப் போச்சு. பொறுப்பு தாத்தாவுக்கு வந்துச்சு.

"யப்பா, தினையும் கம்பும் கொஞ்சம் போல. நல்ல தண்ணி. வேற எதுவும் போட்டுராதீங்க. இனிப்புன்னா அதுக்கு வயிறு தாங்காது."

"எலி திங்காததுன்னு ஒண்ணு இருக்காட்டீ? சரி சரி, நீ சொன்னபடியே."

சேனை வச்ச கிண்ணத்துல கொஞ்சம் மிச்சம் கிடந்துச்சு. சந்தோசத்துல மனுசன் அதோட பின்கட்டுக்குப் போனாரு.

"ஏலே சிட்டு, நீயும் எம் மக வளத்த பிள்ளைலா. உனக்கு மட்டும் சேனை இல்லையா?"

விரல நீட்டுனாரு. அது ரெண்டு கையாலயும் விரலப் பிடிச்சுக்கிட்டு நக்குச்சு. பச்சப் பிள்ளை விரலப் பிடிக்குமே, அதே மாதிரி. மனுசன் கிறங்கிட்டாரு. மறுநாளும் குடுத்தாரு. அப்புறம் தண்ணிக் கிண்ணத்துலயே கருப்பட்டியக் கரைச்சு ஊத்துனாரு. எறும்பு வந்துச்சு. தட்டி விட்டுட்டு ஊத்துனாரு.

ஒருநா காலையில போயிப் பாத்தா, சிட்டு மூலையில முதுகக் கூனிக்கிட்டு இருக்கு. தினை போட்டபடி கிடக்கு. பின்பக்கமெல்லாம் நனைஞ்சு, ரோமம் ஒட்டிப் பிடிச்சிருக்கு. ஒரு நாத்தம். முத்துமாலைக்கு விசயம் விளங்கிருச்சு. எதனாலன்னும் விளங்கிருச்சு.

அந்நேரம் உள்ள இருந்து சத்தம். "யப்பா, சிட்டு தின்னுச்சா?"

"தின்னுச்சும்மா. நல்லாத் தின்னுது."

வாய் அதுவாச் சொல்லிருச்சு. பச்ச ஒடம்புக்காரிகிட்ட எதுக்குச் சொல்லணும், சாயங்காலத்துக்குள்ள சரியாப் போயிரும்னு மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டாரு. கூட்டக் கழுவுனாரு. நாத்தம் எங்கேர்ந்துன்னு இசக்கித்தாய் கேட்டதுக்கு, சாக்கடைன்னாரு. சாயங்காலம் வேணி திரும்பவும் கேட்டா. திரும்பவும் தின்னுச்சுன்னாரு. மறுநாளும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் மூஞ்சி சுடுது, வாய் மட்டும் நிக்க மாட்டேங்குது.

சிட்டு கண்ணத் தொறக்கதையே நிப்பாட்டுன பொறவுதான் மனுசனுக்குப் பயம் பிடிச்சுது. கூட்டுமேல துண்டப் போட்டு மூடிக்கிட்டு, அம்பாசமுத்திரத்து மாட்டாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிட்டாரு.

"என்ன அண்ணாச்சி, கூட்டுக்குள்ள கிளியா?" கண்டக்டர் கேட்டாரு.

"ஆமா, கிளிதான்."

பின் சீட்டுக்காரன் ஒருத்தன் துண்டத் தூக்கிப் பாத்துட்டான். "எலிலா இது! என்ன வே, எலிக்கு ஊரு சுத்திக் காட்டப் போறீரோ?"

"எங்க வீட்லயும் நாலஞ்சு கிடக்கு அண்ணாச்சி, அதுகளுக்கும் சேத்து டிக்கெட் எடும்!" முன்னால இருந்து இன்னொருத்தன்.

பஸ்ஸே சிரிச்சுது. முத்துமாலை தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. சிரிச்சதுகூடப் பெருசா உறைக்கல. கேட்டவுக எல்லார்கிட்டயும் பொய்யாவே வருதேன்னுதான் இருந்துச்சு.

டாக்டர் ஞானப்பிரகாசம் மாடும் ஆடும் பாக்கவரு. சிட்டக் கையில எடுத்து, தோல மெதுவாக் கிள்ளி விட்டாரு. கிள்ளுன தோலு அப்படியே நின்னுச்சு.

"தண்ணி பூரா வத்திட்டு. என்ன குடுத்தீரு?"

"தினை, கம்பு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"அப்போ தானியம் பூசணம் பூத்துப் போயிருக்கும்…" மருந்து எழுதப் போனவரு, கூட்டுக் கம்பியில ஊர்ற எறும்பப் பாத்துட்டாரு. "தினைக்கா வே இத்தன எறும்பு?"

பக்கத்துல கன்னுக்குட்டியப் பிடிச்சுக்கிட்டு நின்ன பொம்பளையும் திரும்பிப் பாத்தா. முத்துமாலை அந்த எறும்பத் தட்டிக்கிட்டே சொன்னாரு.

"கருப்பட்டித் தண்ணி… சேனை மாதிரி… நெதமும்."

டாக்டரு சிரிக்கல. சிரிச்சிருந்தாலும் தேவலைன்னு இருந்துச்சு.

"எப்போலேர்ந்து கழியுது?"

"முந்தாநாளே பாத்தேன்."

"பின்பக்கம் நனைஞ்சிருக்குன்னு பாத்த அன்னைக்கே ஓடியாந்திருக்கணும். மாடு தாங்கும் வே. இந்த இத்துனூண்டு உடம்பு எப்படித் தாங்கும்?"

வத்துன தண்ணிக்கு ஈடா உப்புச் சக்கரைப் பொடி ஒண்ணக் கரைச்சு, இங்க் பில்லர்ல சொட்டுச் சொட்டா விடச் சொன்னாரு. ஊசி ஒண்ணும் போட்டாரு. சூடா வைக்கணும், கூடு காஞ்சிருக்கணும், மனுசப் பிள்ளைக்கு வாங்குன மருந்து எதையும் எலிக்குக் குடுக்கப்படாது, தொட்டா சோப்புப் போட்டுக் கைகழுவிட்டுத்தான் பிள்ளையத் தூக்கணும்னாரு. பொழைக்குமான்னு கேட்டதுக்கு, "பாப்போம்"னு மட்டும் சொன்னாரு.

வீட்டுக்கு வந்து கூட்டப் பின்கட்டுல வச்சாரு. கைய நல்லாக் கழுவிட்டு அறை வாசல்ல வந்து நின்னாரு.

"யப்பா, எங்க போயிருந்தீங்க? சிட்டு தின்னுச்சா?"

"இல்லம்மா. தின்னு மூணு நாளாகுது. நாந்தான் இனிப்பு குடுத்தேன். கழியுதுன்னு தெரிஞ்சும் உங்கிட்ட மறைச்சேன்."

திட்டுவான்னு காத்து நின்னாரு. திட்டல. பிள்ளைய அம்மா கையில குடுத்துட்டு, வேணி செவத்தப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தா.

"ஏளா, எங்க போற? பச்ச ஒடம்பு!" இசக்கித்தாய் கத்துதா.

வேணி நிக்கல. பின்கட்டுல போயி கூட்டுப் பக்கத்துல உக்காந்து, பின்னாலயே வந்து அப்பா எடுத்த பில்லர வாங்கிக்கிட்டா. மொகத்தப் பாக்கல.

"நீங்க போங்கப்பா. இனி நானே பாத்துக்கிடுதேன்."

இசக்கித்தாய் சொல்லிப் பாத்தா, அதட்டிப் பாத்தா. வேணி பிள்ளைக்குப் பால் குடுக்க மட்டும் கையக் கழுவிட்டு உள்ள போவா. மறுபடி வந்து உக்காந்துருவா. முத்துமாலை ஒரு பலகையக் கொண்டாந்து போட்டாரு. அதுல உக்காந்தா. முதுகுதான் அவரு பக்கம்.

ரெண்டு நாள் கழிச்சு முத்துமாலை மில்லுக்குப் பொறப்பட்டுச் சட்டை மாட்டிக்கிட்டு நிக்காரு. பின்கட்டுல வேணி சத்தம் கேட்டுது.

"யம்மா, இங்க வாங்களேன். சிட்டு ஒரு தினையக் கையில எடுத்துருச்சு. கொறிக்குது பாருங்க!"

அம்மாவத்தான் கூப்பிட்டா. முத்துமாலைக்கும் ஓடிப் போயிப் பாக்கணும்னு இருந்துச்சு. பின்கட்டு நடை வரைக்கும் போன காலு அங்கனயே நின்னுருச்சு. இசக்கித்தாய் போயிப் பாத்து, "அடியாத்தே"ன்னு சிரிச்சது கேட்டுது. அதக் கேட்டுக்கிட்டு, மணியடிக்காம சைக்கிளத் தள்ளிக்கிட்டு வெளிய எறங்கிட்டாரு.