ரவிக்கை தைக்க மறுத்தவர்

போன வருடம் தை மாதம், பொங்கல் முடிந்த மறு வாரம். திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் தையல் வீட்டுக்குப் பட்டு ரவிக்கைத் துணியோடு போயிருந்தேன். மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பை எடுத்துவிட்ட பெண்களுக்கு, உள்ளே பஞ்சு வைத்து ரவிக்கை தைத்துக் கொடுப்பவர் அங்கே இருக்கிறார் என்று ஒரு நர்ஸ் சொல்லியிருந்தார். எனக்கு ஆபரேஷன் ஆகி அப்போது மூன்று வருடம். அதுவரை சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியே காலத்தை ஓட்டியிருந்தேன்.

இப்போது மட்டும் எதற்கு ரவிக்கை என்றால், ஒரு போட்டோவுக்காக. ஆறேழு மாதமாக எனக்கு எலும்பெல்லாம் வலி. முதலில் முழங்காலுக்குக் கீழே, பிறகு இடுப்பு, அப்புறம் விலா. சாணார்பட்டியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு வேலை. தினமும் பஸ் படியில் ஏற, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருந்தது. செல்போனில் தேடினேன். இந்த நோய் எலும்புக்கும் பரவலாம் என்று போட்டிருந்தது. அவ்வளவுதான், திரும்ப வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மகளுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. அது முடிகிறவரை யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன். டாக்டர் வரச்சொன்ன செக்கப்புக்குக்கூட லீவு கிடைக்கவில்லை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டேன். உடம்பு இளைத்துக் கிடையில் விழுவதற்குள், வீட்டில் மாட்டிவைக்க நான் முழுசாக இருக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துவிட வேண்டும். ஆசை அது ஒன்றுதான்.

தையல்காரப் பெண்ணுக்கும் என் வயதுதான் இருக்கும். என்ன விசேஷம், என்றைக்கு வேண்டும் என்று கேட்டார். விசேஷமெல்லாம் இல்லை, ஒரு போட்டோ எடுக்கணும், சீக்கிரம் வேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். டேப்பை விலாவைச் சுற்றிக் கொண்டுவந்து லேசாக இழுத்தார். நான் அலறிவிட்டேன்.

அவர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். கட்டியவரிடம் சொல்லாததை, பெற்ற மகளிடம் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் கொட்டித் தீர்த்தேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"எத்தனையோ பேருக்கு அளவெடுத்திருக்கேன்க்கா. வலின்னாலே அதுதான்னு இல்ல. அதுவாவும் இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். பாத்தாத்தான தெரியும்? நீங்களாத் தீர்ப்பு எழுதிக்கிட்டா எப்புடி?" என்றார்.

அதோடு விடவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் துணியில் கத்திரி வைப்பேன், இந்த மாதிரிப் போட்டோவுக்கெல்லாம் தைக்கமாட்டேன் என்று துணியை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தைக்கச் சொன்னால் தைக்க வேண்டியதுதானே, உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டேவிட்டேன். அவர் புர்காவை மாட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டி, தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தினார். என் டாக்டர் பெயரை என்னிடமே கேட்டு, என்னை ஏற்றிக்கொண்டு போனார். மூன்று மணி நேரம் டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் என் கால் எலும்பை விரலால் அழுத்திப் பார்த்தார். இத்தனை மாதம் ஏன் வரவில்லை என்று திட்டினார். ரத்தப் பரிசோதனைக்கும், மதுரையில் போய் எலும்பு ஸ்கேன் எடுக்கவும் எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். அவரோ, ஸ்கேனுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று மட்டும் கேட்டார். ரிசல்ட் வரும்வரை இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

எலும்பில் நோய் இல்லை. டாக்டர் அதைச் சொன்னபோது நான் நம்பாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். இல்லாதது வைட்டமின் டி. அது தரையைத் தொட்டிருந்தது. நீங்கள் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லையா என்று கேட்டார். தினம் சாணார்பட்டிக்குப் பஸ்ஸில் போய்வருகிறவளைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா என்று எனக்கு ரோஷமாகிவிட்டது. அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் வாயைத் திறந்தார்.

"முழுக்கை ஜாக்கெட், கைக்கு உறை, தலையில முக்காடு, அதுக்கு மேல குடை சார். பஸ்ல ஜன்னலச் சாத்தச் சொல்லித் தெனமும் சண்ட வேற."

அத்தனையும் உண்மை. மார்பில் கதிர்வீச்சு வைத்தியம் எடுத்தபோது, அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த ஓர் இடத்துக்குச் சொன்னதை, நான் உச்சி முதல் பாதம் வரை மூன்று வருடம் விரதம் மாதிரி கடைப்பிடித்திருக்கிறேன். திண்டுக்கல்லில் குடியிருந்துகொண்டு வெயில் போதாமல் போனவள் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இந்த நோய்க்கு வந்த பெண்கள் பலருக்கு இந்தச் சத்து குறைவதுண்டு, நோய் திரும்பாமலிருக்கத் தினம் போடும் மாத்திரையும் எலும்பைக் கொஞ்சம் இளக்கும் என்று விளக்கினார். வாரம் ஒரு பொட்டலம் வைட்டமின் டி பொடியைப் பாலில் கலந்து குடிக்கவும், கூடவே கால்சியம் மாத்திரை போடவும் சொன்னார். இது எலும்புக்குத்தான், புற்றுநோய்க்கு மருந்தில்லை என்றும், சீக்கிரம் சரியாகட்டும் என்று தினமும் குடித்துவிடக் கூடாது என்றும் இரண்டு தடவை சொன்னார். என்னைப் பற்றி அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். எலும்பில் நோய் இல்லையாம் என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எப்பக்கா அளவெடுக்க வாரீங்க?" என்று கேட்டார். நடுரோட்டில் நின்று நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

இரண்டு மூன்று மாதத்தில் வலி நன்றாகக் குறைந்தது. பஸ் படியில் இப்போது ஒரு கையால் பிடித்தாலே ஏறிவிடுகிறேன். செக்கப்புக்குப் போகும்போது, முழங்காலில் கையூன்றி எழுகிற பெண் யாராவது கண்ணில் பட்டால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. எங்கே வலிக்கிறது, டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டுவிடுகிறேன். சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். நானும் அப்படிச் சுளித்தவள்தான் என்பதால் அது எனக்கு உறைப்பதில்லை. செத்துப்போகத் தயாராக இருந்த எனக்கு, பிழைத்திருக்கவும் வாய்ப்பிருக்கிறது என்பது தோன்றவே இல்லை. அதை எனக்காக நினைத்துப் பார்த்தவர், நான் கோபித்துப் பேசிய அந்த ஒருவர்தான் என்பதை எண்ணும்போதெல்லாம் மனசு நன்றியில் நிறைந்துபோகிறது.