முப்பத்தோராம் கட்டம்

போன கிழமை மருதனார்மடத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் கைத்தொலைபேசியில் ஏதோ பெட்டிகளை நகர்த்தி விளையாடிக்கொண்டிருந்தாள். திரையில் ‘அம்மா’ என்று அழைப்பு வந்தது. பெருவிரலால் அதை ஒதுக்கிவிட்டு அடுத்த பெட்டியைத் தள்ளினாள். அவ்வளவுதான். எனக்கு வியர்த்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருத்தியின் விளையாட்டுக்கு இவனுக்கு ஏன் வியர்க்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

போர் முடிந்து சில வருடங்கள். கொழும்புத்துறையில் ஒரு கொமினிகேசனில், அதுதான் தொலைபேசிக் கடையில், எனக்கு வேலை. மூன்று கணினி, ஒரு தொலைபேசி, ஒரு போட்டோக்கொப்பி மெஷின். சூடான தாளின் மணம் இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால், செய்த வேலை எதுவும் ஞாபகம் வருவதில்லை, விளையாடியதுதான் வருகிறது.

யாரோ கணினியில் போட்டுவிட்டுப் போன விளையாட்டு. ஒரு களஞ்சிய அறை, ஒரு குட்டி மனிதன், சில பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியையும் அதற்குரிய புள்ளிக்குத் தள்ள வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. மூலையில் மாட்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் கணக்கில் புலி என்று பெயர் எடுத்தவன் நான். முப்பத்தோராம் கட்டம் என்னைப் பூனையாக்கிவிட்டது.

அந்த நாட்களில்தான் ஜெசிந்தா அக்கா கடைக்கு வரத் தொடங்கினார். அவருடைய கணவர் அன்ரன் அண்ணை கடற்தொழிலாளி. அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறிப் போய் இருபது நாளாகியும் ஒரு தகவலும் இல்லை. வீட்டிலிருந்த ஒரே தொலைபேசியை அவர் கொண்டுபோயிருந்தார். எங்கள் கடை இலக்கம் அவருக்கு மனப்பாடம். அழைப்பு எடுத்தால் இங்கேதான் எடுப்பார். அக்கா தினமும் பின்னேரம் வந்து, கடை பூட்டும்வரை கைகளை மடியில் வைத்தபடி இருப்பார். அந்தக் கைகளைப் பார்க்கப் பொறுக்காமல்தான் விளையாட்டைக் காட்டிக்கொடுத்தேன். பெரிய உதவி செய்வதாக நினைப்பு.

“உதிலை என்ன கிடக்கு தம்பி, சின்னப்பிள்ளையள் விளையாடுறது” என்றார் முதல் நாள். மூன்றாம் நாள், “நீர் முதல் பெட்டியையே பிழையாத் தள்ளுறீர், தள்ளி இரும்” என்று என்னை எழுப்பிவிட்டார்.

என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனாலும் முப்பத்தோராம் கட்டம் அவரையும் விழுத்தியது. பதினொரு நாள் விழுத்தியது. தொலைபேசியை அவருடைய கைக்கெட்டும் தூரத்தில், விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தோம். அழைப்பு வந்தால் அவர்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

பன்னிரண்டாம் நாள் ஐந்து பெட்டிகள் சரியாகப் போய் நின்றன. ஒன்று மட்டும் மிச்சம். நான் கதிரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொலைபேசி அடித்தது.

“பொறு பொறு, இந்த ஒரு பெட்டி” என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நானாவது கை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. நானும் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பெட்டி புள்ளியில் போய் உட்கார்ந்தது. கணினி ஒரு சந்தோஷமான மெட்டை வாசித்தது.

அந்த மெட்டு முடிந்த பிறகுதான் அக்கா என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, போன் அடிச்சதோ?”

“ஓம் அக்கா.”

தொலைபேசியின் சின்னத் திரையைப் பார்த்தேன். இலக்கம் விழவில்லை. திருப்பி எடுக்க வழியில்லை.

“வேறை ஆருமா இருக்கும்” என்றேன்.

“நான் கேட்டனான். கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்.” அழவில்லை. தன் வலது கையை, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் தன்னைத்தானே கண்டு அப்படித் திகைத்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அடுத்த நாளிலிருந்து கணினிக்கு முதுகைக் காட்டி, தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் அழைப்பு வந்தது. முதல் மணி முடியுமுன் எடுத்தார். அன்ரன் அண்ணை உயிரோடு, படகில் வந்தவர்களை அடைத்துவைக்கும் ஒரு தீவு முகாமில் இருந்தார். கிழமைக்கு ஒரு அழைப்புத்தான் விடுவார்களாம். போன முறையும் இங்கேதான் எடுத்தாராம். யாரும் எடுக்காததால் அக்காவுக்கு ஏதோ நடந்துவிட்டதென்று எட்டு நாளும் சாப்பாடு இறங்கவில்லையாம். கடலில்கூட அப்படிப் பயப்படவில்லையாம்.

“கடை பூட்டிக் கிடந்ததப்பா” என்றார் அக்கா, என்னைப் பார்த்தபடி. நான் பலமாகத் தலையாட்டினேன், ஏதோ அண்ணைக்குத் தெரியப்போவதுபோல.

அன்றே விளையாட்டைக் கணினியிலிருந்து அழித்தேன். அழிக்குமுன் சீடியில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகொரு நாள் அதைப் போட்டு முப்பத்திரண்டாம் கட்டத்தைத் திறந்தேன். கை ஓடவில்லை.

மூன்று வருடம் கழித்து அண்ணை திரும்பி வந்தார். இருவரும் மன்னார்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. வீதியை அகட்டியபோது கடையையும் இடித்துவிட்டார்கள். அந்த நாட்களில் கடைச் சுவரோரம் நாலைந்து கதிரைகள் கிடக்கும். டோகாவிலிருந்து மகன், கனடாவிலிருந்து தங்கச்சி என்று யாராவது ஒருவரின் குரலுக்காக எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். தெருவில் ஒருவரையொருவர் கண்டால் சுகம் விசாரிக்கமாட்டார்கள். “வந்ததோ?” என்றுதான் கேட்பார்கள். எது என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. இப்போது எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. அந்தத் தெருவில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை.